குதிரைக்குப் பயந்த ஜெனரல்

1

ஆசிரியையின் மின்னஞ்சல் வந்தபோது நான் ரயிலில் இருந்தேன். ஒக்லாந்து நகரத்தின் ஏவன்டேலில் ஏறி, நடுவில் ஒரு ரயில் மாறி, ஒடாஹுஹுவில் இறங்குவது என் தினசரி வேலை. அங்கே ஒரு பல் வைத்தியசாலையில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். ரயில் மவுண்ட் ஆல்பர்ட்டைத் தாண்டியபோது கைபேசி அதிர்ந்தது.

என் மகள் ஆரபியின் பேச்சை வாசித்ததாகவும், மிக அழகாக எழுதப்பட்டிருப்பதாகவும், செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டதும் ஐந்து நிமிடம் வந்துபோக முடியுமா என்றும் அதில் இருந்தது. கடைசி வரியில், வகுப்பில் எல்லோரும் ஆரபியின் குரலைக் கேட்க ஆவலாக இருக்கிறோம் என்று எழுதியிருந்தார். இந்த நாட்டுக்காரரின் மரியாதையை நான் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வைத்திருக்கிறேன். முதல் வரியில் 'அழகு' என்று வந்தால் கடைசி வரியைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

அந்த வாரம்தான் நாங்கள் இங்கே வந்திறங்கி ஏழு வருடம் நிறைந்தது. ஆரபிக்கு அப்போது நான்கு வயது, இப்போது பதினொன்று. ஏழு வருடத்தில் என்ன படித்தாய் என்று யாராவது அன்றைக்குக் கேட்டிருந்தால் அந்த மின்னஞ்சலைத்தான் காட்டியிருப்பேன். ஏனென்றால் அந்தப் பேச்சை எழுதியது நான்தான், முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இதில் என்ன குற்றம் என்று விளங்காது. ஒடாஹுஹு வரும்வரை எனக்கும் விளங்கவில்லை.

2

மூன்றாம் தவணையில் இங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் மூன்று நிமிடம் பேச வேண்டும். இந்த வருடத் தலைப்பு 'என்னை வியக்க வைத்த ஒரு தலைவர்'. அவளுடைய வகுப்பில் பாதிப் பேர் றக்பி வீரர்களை எடுத்தார்கள். ஆரபி நூலகத்திலிருந்து மெல்லிய படப் புத்தகம் ஒன்றோடு வந்தாள். அட்டையில் குதிரை இருந்தது, அதற்காகத்தான் எடுத்தாளாம். அந்தக் குதிரையின் மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் குதிரைப்படை ஜெனரல் ஒருவர் இருந்தார். அவருடைய பெயரை ஆரபி சொல்வதுபோல எனக்குச் சொல்ல வராது. எங்கள் வீட்டில் அவர் வெறும் ஜெனரல்தான், இந்தக் குறிப்பிலும் அப்படியே இருக்கட்டும்.

போர் நடந்த காலத்தில் பிறந்தவள் நான். சீருடையைக் கண்டால் பாதை மாறிப் போகிற கால்கள் என்னுடையவை. 'ஏன் பிள்ளை, வேற ஒருத்தரும் கிடைக்கேல்லையோ' என்றுதான் முதலில் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

எட்டு வயதில் அவரைக் குதிரை ஒன்று முகத்தில் உதைத்திருக்கிறது. இரண்டு மாதம் கண் தெரியாமல் கிடந்திருக்கிறார். கன்னத்துத் தழும்பு கடைசிவரை போகவில்லை. அதற்குப் பிறகு அவருக்குக் குதிரை என்றாலே ஆகாது. வளர்ந்து சங்கீத ஆசிரியரானார், ஊர் வாத்தியக் குழுவை நடத்தினார். பிறகு ஒரு கடை வைத்தார், அது நொடித்தது. உள்நாட்டுப் போர் வந்தபோது நடந்து போகும் படையில் சேரவே விரும்பினார். மேலிடத்தில் அவருடைய மெலிந்த, துடியான உடம்பைப் பார்த்துவிட்டு, 'நீ குதிரைப்படைக்கு ஏற்ற ஆள்' என்று அங்கே போட்டுவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தோடு நான் அகப்பட்டேன். அன்றிரவே நூலகத்தின் இணையத்தளத்தில் தேடி, அவரைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்றுக்குச் சொல்லி வைத்தேன். நானூறு பக்கத்துக்கு மேல். ரயிலில் போகவும் வரவும் அதையே வாசித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கைபேசியில் மீன்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் மிசிசிப்பிச் சேற்றுக்குள் குதிரையில் போய்க்கொண்டிருப்பேன்.

பதினாறு நாளில் அறுநூறு மைல் போயிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒக்லாந்திலிருந்து வெலிங்டன் போய், அங்கிருந்து பாதித் தூரம் திரும்பி வருவதற்குச் சமம். அத்தனையும் எதிரியின் நாட்டுக்குள்ளே. ஆயிரத்து எழுநூறு குதிரைக்காரரோடு போனார். சில நாளில், நோயாளிகளையும் களைத்தவர்களையும் பிரித்து வந்த வழியே திருப்பி அனுப்பினார். முழுப் படையும் திரும்பிவிட்டதுபோலக் குளம்புத் தடம் பதித்துக்கொண்டு போங்கள் என்றார். எதிரி அந்தத் தடத்தைத் துரத்தினான். இவர் மிச்சப் பேரோடு தெற்கே போய்த் தந்திக் கம்பியை அறுத்தார், தண்டவாளத்தைப் பிடுங்கினார். ரயிலில் இருந்துகொண்டு தண்டவாளம் பிடுங்குவதை வாசிப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அவ்வளவு தூரம் போயும் அவருடைய ஆட்களில் செத்தவர்களின் தொகை கைவிரல்களுக்குள் அடங்கும்.

அந்தப் பயணத்தில் அவர் சட்டைப்பையில் இருந்தவை மூன்று: சின்ன வரைபடம் ஒன்று, திசைகாட்டி, மோர்சிங். ஆம், நம்முடைய கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அதே மோர்சிங்தான். படத்தைப் பார்க்கும்வரை நானும் நம்பவில்லை. கடைசி நாள் தங்கள் படையின் கையிலிருந்த நகரத்துக்குச் சில மைல் தூரத்தில் ஒரு தோட்டத்தில் இறங்கினார்கள். படை முழுவதும் விழுந்த இடத்திலேயே நித்திரையாகிவிட்டது. யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவர் அந்த வீட்டுக்குள் போய், அங்கிருந்த பியானோவுக்கு முன்னால் இருந்து வாசிக்கத் தொடங்கினார்.

அந்த இடத்தை வாசித்தபோது என் தரிப்பிடத்தைத் தவறவிட்டேன். வேலைக்குப் பதினைந்து நிமிடம் பிந்தினேன். ஏழு வருடத்தில் முதல் முறை.

வீட்டிலும் அதே பேச்சுத்தான். இவர், என் கணவர், பஸ் ஓட்டுகிறார். வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, 'ஜெனரல் இப்ப எந்த ஊரில நிக்கிறார்?' என்று கேட்பார். ஆரபி என் தோளில் சாய்ந்துகொண்டு, அவர் இன்றைக்கு எந்தப் பாலத்தைத் தாண்டினார் என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுவாள். ஒன்பது வயதுக்குப் பிறகு அவள் இப்படி என் தோளில் சாய்ந்ததில்லை. பாடசாலையில் என்ன நடந்தது என்று கேட்டால் 'குட்' என்று ஒரு சொல் வரும், அறைக் கதவு சாத்தப்படும். அந்தக் கதவைத் திறந்து தந்தவர் ஒரு குதிரைப்படைக்காரர். அதற்காகவும் அவருக்கு நன்றியாக இருந்தேன்.

3

நம்முடைய ஊர்ப் பேச்சுப் போட்டி எப்படி என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரீச்சர் எழுதித் தருவார், இல்லாவிட்டால் வீட்டில் எழுதித் தருவார்கள். பிள்ளை பாடமாக்கிக் கையை அசைத்துச் சொல்லும். அதில் ஒளிப்பு மறைப்பு இல்லை, நடுவருக்கும் தெரியும். நடுவரே தன் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்து இருந்திருப்பார்.

எனக்கு என் அம்மா எழுதித் தந்தார். நான் மேடையில் நிற்பேன், அவர் மூன்றாம் வரிசையில் இருப்பார். நான் சொல்லச் சொல்ல அவருடைய உதடும் சத்தமில்லாமல் அசையும். பதினொரு வயதில் வலயப் போட்டியில் இரண்டாம் பந்தி முடிந்ததும் எல்லாம் மறந்துபோனது. முழு மண்டபமும் பார்த்தது. நான் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். அம்மாவின் உதட்டிலிருந்து ஒரு சொல்லைப் பொறுக்கி எடுத்து மிச்சத்தைச் சொல்லி முடித்தேன். இரண்டாம் இடம் கிடைத்தது. எனக்குத் தெரிந்தவரை தாய் என்றால் அதுதான்: பிள்ளை விழுகிற இடத்தில் அடுத்த சொல்லோடு காத்திருக்கிறவர்.

ஆகவே ஆரபிக்கு நானும் எழுதினேன். 'மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, நீதி தவறாத நடுவர்களே, என் அன்புக்குரிய சக மாணவர்களே' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதித் தொடங்கினேன். சொல்லிப் பார்த்தால் அதற்கே அரை நிமிடம் போனது. பிறகு வீரம், தியாகம், தலைமைப் பண்பு எல்லாம் ஒரு குறையுமில்லாமல் வந்தன. குதிரைக்குப் பயந்ததை விட்டுவிட்டேன். கடை நொடித்ததையும் பியானோவையும் விட்டுவிட்டேன். ஒரு பெரிய மனிதரைச் சபையில் வைத்துப் பேசும்போது அவருக்குக் குதிரை பிடிக்காது என்று சொல்வார்களா? ஆரபி அதை வாங்கி ஒருமுறை வாசித்தாள். 'ஓகே அம்மா' என்றாள். அந்த ஓகேயை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

4

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. பாடசாலை அலுவலகத்தில் வருகிறவர்கள் திரையொன்றில் பெயரைத் தட்ட வேண்டும், அது ஒட்டுத்தாளில் அச்சாகி வரும். என் பெயரை விட்டுவிட்டு அப்பாவின் பெயரில் முதல் பாதியை மட்டும் அது தந்தது. இந்த நாட்டுப் படிவங்களில் பெரும்பாலும் நான் என் அப்பாவாகத்தான் உலாவுகிறேன். அதை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு போனேன்.

ஆசிரியைக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும். சின்னக் கதிரையில் என்னை இருத்திவிட்டுத் தானும் சின்னக் கதிரையில் இருந்தார். குற்றம் சாட்டவில்லை. வீட்டில் இவ்வளவு அக்கறை எடுப்பது பெரிய விஷயம் என்றார். நான் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று நான் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. பிறகு அவர் என் பக்கத்தில் நின்ற ஆரபியிடம் திரும்பி, இந்த ஜெனரலைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நீ எதைச் சொல்வாய் என்று கேட்டார்.

ஆரபி என்னைப் பார்த்தாள்.

பதில் என் முகத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடுகிற பார்வை அது. எனக்கு அது நன்றாகத் தெரியும், அதே பார்வையோடு நானும் மேடையில் நின்றிருக்கிறேன். தெரிந்தும் என்ன செய்தேன் என்றால், வாயைத் திறந்து 'அவருடைய துணிவு' என்று நானே ஆங்கிலத்தில் சொன்னேன். ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆரபி நிலத்தைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது குடைக்கு வெளியே ஒரு அடி தள்ளித்தான் நடந்தாள். அவள் எங்களோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பாள். வெளியில் யாருக்கும் விளங்கக்கூடாத விஷயமென்றால் மட்டும் தமிழ் வரும். எங்கள் தெருமுனை டெய்ரிக் கடையின் வாசலில் நின்று தமிழில் சொன்னாள்:

"அம்மா, வெள்ளிக்கிழமை நீங்கள் வரவேண்டாம்."

வெள்ளிக்கிழமை காலை பெற்றோர் வந்து கேட்கலாம் என்று பாடசாலை அறிவித்திருந்தது. நான் ஏற்கெனவே லீவு சொல்லியிருந்தேன்.

அன்றிரவு இவரிடம் பேச்சைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாக வாசித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறீர். ஆனா இது உம்மட பேச்சப்பா. நீர் போய்ப் பேசும், நான் வந்து கை தட்டுறன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு அது சரி என்று பட்டது. பிறகு, சரி என்றால் அவள் தனியே எழுதி எல்லோர் முன்னாலும் தடுமாறினால் யார் பொறுப்பு என்று பட்டது. காலையில் எழுந்தபோது எது என் முடிவு என்று எனக்கே தெரியவில்லை. ஆரபி மட்டும் என் தாளைத் திருப்பித் தந்துவிட்டு, சின்னச் சின்ன அட்டைகளில் தானாக எழுதத் தொடங்கியிருந்தாள். நான் அறைக்குள் போனால் அட்டைகளைக் கவிழ்த்து வைத்தாள்.

5

ஒன்றை எங்கே சொல்வது என்று தெரியாமல் இவ்வளவு நேரமும் தள்ளிப்போட்டேன்.

பெரிய புத்தகத்தில் போருக்குப் பிறகும் பாதிப் பக்கம் இருக்கிறது. அமைதிக் காலத்தில் அவருக்குக் கறுப்பினச் சிப்பாய்களின் குதிரைப்படை ஒன்றைக் கொடுத்தார்கள். பல அதிகாரிகளுக்கு அது வேண்டாத பதவி. கோட்டைக்குப் பொறுப்பான அதிகாரி அந்தச் சிப்பாய்களுக்குச் சதுப்பு நிலத்தில் கூடாரம் ஒதுக்கினார், அணிவகுப்பில் வெள்ளைக்காரப் படையிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார். ஜெனரல் அவரோடு மல்லுக்கட்டினார். தன் படையின் பெயருக்கு முன்னால் நிறத்தைக் குறிக்கிற சொல்லை எழுத வேண்டாம், வெறும் குதிரைப்படை என்றே எழுதுங்கள் என்று உத்தரவு போட்டார். இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சிப்பாய்களோடு பாலைவனத்தில் இருந்தார். கூட இருந்தவர்கள் அவரை மென்மையானவர் என்று பின்னால் பேசினார்கள். போர்க்காலத்து ஜெனரல் பட்டம் போரோடு போய்விட்டது; நிரந்தரப் படையில் அந்தப் பதவி அவருக்குக் கிடைத்தது, ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்னர்தான்.

எல்லாமே எனக்கு வியப்பாக இருக்கவில்லை. அப்பாச்சி என்கிற பூர்வகுடி மக்களை மடக்க அவர் அவர்களைத் துரத்தவில்லை. பாலைவனத்தில் தண்ணீர் இருக்கிற இடங்களில் ஆட்களை நிறுத்திக் காத்திருந்தார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது நான் மறுபக்கத்தில் நின்றேன். இடம்பெயர்ந்து போகிற வழியில் கிணற்றுக்குப் பக்கத்தில் துவக்கோடு ஆள் நிற்பதைக் கண்டு அம்மா என்னை இழுத்துக்கொண்டு திரும்பியது நினைவுக்கு வந்தது. தண்ணீர் கிடைக்காமல் அந்த அப்பாச்சி மக்கள் எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்குத் திரும்பினார்கள், அங்கே பலர் கொல்லப்பட்டார்கள். இந்த மனிதரை வியக்கிறேனா என்று என்னையே கேட்டேன். ஆம் என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதில் எனக்குச் சுகமாக இருக்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு கோட்டையின் மாடி அறையில் அவருடைய மகள் இறந்துபோகிறாள். பதின்மூன்று வயது. தைபோயிட் காய்ச்சல்.

அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடினேன். ஆரபிக்குப் பதின்மூன்று ஆக இரண்டு வருடம் இருக்கிறது. இந்தக் காலத்தில், இந்த ஊரில், அந்தக் காய்ச்சலில் யார் சாகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று பின்னேரம் ஆரபியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும். பிறகு வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த கிளிப் ஒன்றால் அந்தச் சாவு வருகிற நான்கு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டினேன். 'மிச்சம் எல்லாம் வெறும் சண்டைதான், உனக்குத் தேவையில்லை' என்று சொல்லிப் புத்தகத்தை என் வேலைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். இது பேச்சு எழுதுவதற்கும் முன்னால் நடந்தது.

6

வியாழக்கிழமை பின்னேரம் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். ஆரபி வந்து குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றாள். கையில் அட்டைகள். தமிழில் தொடங்கினாள், அதனால் மெதுவாக வந்தது.

"அம்மா, அந்தப் பிள்ளை செத்தது எனக்குத் தெரியும்."

"எந்தப் பிள்ளை?"

"ஜெனரலின்ர மகள்."

நான் அடுப்பைக் குறைத்தேன். எப்போது வாசித்தாய் என்று கேட்டேன்.

"நீங்கள் கிளிப் போட்ட அண்டைக்கே. கிளிப் போட்டா எல்லாரும் அதத்தானே அம்மா முதல் வாசிப்பினம்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் பயப்பிடுவீங்கள். பிறகு தேர்மாமீற்றரோட வருவீங்கள்."

மூன்று வாரம் அவள் இதைத் தனக்குள்ளே வைத்திருந்திருக்கிறாள். நான் அவளுக்குத் தெரியக்கூடாதென்று புத்தகத்தைப் பையில் காவித் திரிந்தேன்; அவள் எல்லாம் தெரிந்தும் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு நாளும் நெற்றியைத் தொட்டபோது அவள் பேசாமல் நின்றதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவளும் சிரித்தாள். புட்டின் ஆவியில் கண் கலங்கியதாக நான் காட்டிக்கொண்டேன்.

நாளைக்கு வரலாமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அவளுக்கு 'ஓகே அம்மா' என்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஓகே எனக்கு வேண்டாம் என்று வாயை இறுக்கி வைத்துக்கொண்டு புட்டைத் தட்டத்தில் கொட்டினேன். அவள் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனாள். கதவடியில் நின்றாள்.

"வாறதெண்டா வாங்கோ. ஆனா பின்னுக்கு நிக்கவேணும். வாய் அசைக்கக் கூடாது."

"நான் எப்ப வாய் அசைச்சனான்?"

"தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாணி விழாவில. முழுக்க அசைச்சீங்கள். எல்லாரும் பாத்தவை."

7

வகுப்பறையின் பின்சுவரில் பிள்ளைகளின் ஈர மழைச்சட்டைகள் கொளுவியிருந்தன. நான் அவற்றுக்கு நடுவில் ஒன்றாக நின்றேன். பிள்ளைகள் நிலத்தில் பாயில் இருந்தார்கள்.

ஆரபி முன்னால் வந்தாள். அதிபர் அவர்களே இல்லை, நடுவர்களே இல்லை. இந்த ஜெனரலுக்குக் குதிரை என்றால் பயம் என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரித்து முடியும்வரை காத்திருந்தாள். அதை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பிறகு உதைத்த கதையைச் சொன்னாள், நடந்து போகும் படையைக் கேட்டவருக்குக் குதிரையைக் கொடுத்த கதையைச் சொன்னாள். மோர்சிங் எப்படி ஒலிக்கும் என்று வாயாலேயே வாசித்துக் காட்டினாள். பாயில் இருந்தவர்கள் எல்லோரும் அதேபோல வாசித்துப் பார்த்தார்கள். எல்லோரும் நித்திரையாகப் போன வீட்டில் ஒருவர் மட்டும் பியானோ வாசித்ததைச் சொன்னபோது குரல் இறங்கியது, சத்தம் அடங்கியது. அவருக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் காய்ச்சலில் இறந்துபோனாள், என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள் என்றாள். ஒரே வரி. என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு, அவருடைய பயம் எப்போதாவது போனதா என்று புத்தகத்தில் இல்லை, நான் தேடிப் பார்த்தேன் என்றாள். நானூறு பக்கத்தையும் வாசித்த எனக்கு அப்படியொன்றைத் தேட வேண்டும் என்று தோன்றவில்லை.

அங்கே அவள் நின்றுவிட்டாள்.

மறந்துவிட்டாளா, காத்திருக்கிறாளா என்று தெரியவில்லை. அட்டையைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, பாயில் இருந்தவர்களைத் தாண்டி, மழைச்சட்டைகளுக்கு நடுவில் நின்ற என்னைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை பார்த்த அதே கண்கள். என் வாய் தானாகத் திறந்தது.

ஆனால் அதில் ஒரு சொல்லும் இல்லை. அவள் முன்னால் நின்று பேசி, அடுத்த வரி எனக்குத் தெரியாமல் போனது அதுதான் முதல் முறை.

அந்த வரி அவளுக்குத் தெரிந்திருந்தது.